மீன் தொட்டியில் டெமோ தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, இரவு

போர் தண்ணீரின் உப்பு தாங்காமல், ஆர்.ஓ. மெஷின் ஒன்றை இரண்டு நாள் டெமோவுக்கு மாட்டியிருக்கிறோம். "மீன் தொட்டிக்கும் இதையே ஊத்துங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார் விற்க வந்தவர். நம்பிவிட்டேன். இன்று காலை தொட்டியை முழுக்கக் காலி செய்து, அந்தத் தண்ணீரையே நிரப்பினேன். பெருமையாக வேறு இருந்தது.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த மகள் ஜெனி அலறினாள். இரண்டு கோல்ட் ஃபிஷ்ஷும் ஒருக்களித்துக் கிடந்தன. குரோம்பேட்டை மீன் கடைக்காரருக்கு போன் செய்தேன்.

"இன்னாக்கா நீ! உப்புத் தண்ணில வளர்ந்த மீனுக்கு ஆர்.ஓ. தண்ணிய ஒரேடியா ஊத்துனா தாங்குமா? போர் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா கலந்துகினே இரு."

கலந்துகொண்டே இருந்தேன். ஒன்று நிமிர்ந்துவிட்டது. மற்றது இன்னும் அடியில்தான் கிடக்கிறது. நாளைக்கு வரட்டும் அந்த மெஷின் ஆள்.

"அம்மா, நாமளும் நேத்துலேர்ந்து அதத்தானே குடிக்கிறோம்?" என்றாள் ஜெனி.

மனிதர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி, அவள் எதிரிலேயே ஒரு டம்ளர் குடித்துக் காட்டினேன். டம்ளரைக் கீழே வைத்த பிறகும் அவள் நகரவில்லை. தொட்டியைப் பார்த்த அதே கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.