கரைந்துபோன பட்டன் நூல்

கோபக்காரருக்கு,

ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

போன வாரம் மீட்டிங்கில் சட்டைப் பட்டன் தெறித்து விழுந்ததென்று, "கண்ணையே தைக்கிறவ, ஒரு பட்டன் தைக்கத் தெரியலையா?" என்று கத்தினீர்களே! அன்றிலிருந்து உம்மென்று இருந்தேன். இன்றைக்குக் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

காலையில் நர்ஸ் அக்கா போன் செய்தார். "மேடம், அந்தப் பாப்பா கண்ணு பளிச்சுன்னு இருக்கு! தையல் போட்ட சுவடே இல்ல!" நான் ஆபரேஷன் செய்து பட்டு நூலால் தைத்ததும் செக்கச்செவேலென்று வீங்கிய கண் அது. அதைப் பிரித்துவிட்டு, தானாகக் கரையும் நூலால் மறுபடி தைத்தேன். இதற்கும் வீங்கினால் அந்தப் பிஞ்சுக்கு இன்னொரு தடவை மயக்கமருந்து கொடுக்க வேண்டும். இரண்டு மாதமாக அதே பயம்தான். கண் கொஞ்சம்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை!

துள்ளிக் குதித்துக்கொண்டே, உங்கள் பட்டனைத் தைக்கலாமென்று, வீட்டில் நான் தையல் பழகும் பெட்டியைத் திறந்தேன். போன தடவை பட்டன் தைத்ததாக நான் நினைத்த, கரையாத நைலான் நூல் உறை பிரிக்காமலே கிடக்கிறது. பிரிந்திருப்பது கரையும் நூல்! அவசரத்தில் உங்கள் பட்டனை அதில்தான் தைத்திருக்கிறேன். துவைக்கத் துவைக்க, அதுவும் சமர்த்தாகக் கரைந்திருக்கிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

இப்போது நைலானால் தைத்துவிட்டேன். சட்டை கதவில் தொங்குகிறது.

உங்கள் அண்ணன் வந்தால் இந்தச் சீட்டைக் காட்டாதீர்கள். ஊரெல்லாம் டமாரம் அடித்துவிடுவார்.

ஐயோ, இன்னொன்று: காலையில் போட்டுக்கொண்டு போனீர்களே, அந்தக் கறுப்பு பேண்ட். அதன் பின்பக்கத்தையும் அதே நூலில்தான் தைத்தேன். ஆபீஸில் எங்கும் குனியவில்லையே?