சுண்டு விரலில் ஒரு கணு

பொகவந்தலாவை,
12.8.1953

அன்புள்ள பூவாயிக்கு,

நான் சுகம். நீயும் ஆத்தாவும் சுகமா? ஆத்தாவுக்கு இருமல் நின்றதா?

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில், தேயிலைக் கொழுந்து உருட்டும் மெஷின் பக்கம் வீரம்மா என்ற பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கட்டியிருந்த கம்பளியின் நுனியை ஓடுகிற பெல்ட் பிடித்து அவளை இழுத்தது. பெல்ட்டைத் தள்ளிவிடும் கம்பைத் தேட நேரமில்லை. கையாலேயே பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டேன். மெஷின் நின்றது. அவளுக்கு ஒன்றுமில்லை. "ஐயோ, கம்பளி கிழிஞ்சிருச்சே" என்று அழுதவள், என் கையைப் பார்த்ததும், "அண்ணே, ரத்தம்!" என்று கத்தினாள்.

வலது சுண்டு விரலில் ஒரு கணு போய்விட்டது. அதை வைத்து இத்தனை நாள் நான் என்ன செய்தேன்? டாக்டர் ஐயா கட்டுப் போட்டார். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா, "நல்ல காரியந்தான் செஞ்ச, இனிமே மெஷின்ல கைய வைக்காத" என்று சொல்லி, மாடியில் கொழுந்து பரப்பும் லேசான வேலை கொடுத்திருக்கிறார். வீரம்மா தினமும் ரொட்டி கொண்டுவந்து, நான் பிய்க்கச் சிரமப்படுவேன் என்று துண்டு துண்டாக்கி வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆத்தாவிடம் விரலைப் பற்றிச் சொல்லாதே. யாராவது இங்கே வந்தால் சுண்டைக்காய் வற்றல் கொடுத்துவிடு. கூடவே உன் சேலை ஒன்று, ராத்திரிக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள. புதுசு வேண்டாம், நீ உடுத்தியதுதான் வேண்டும்.

தபால் கொண்டுபோகும் நல்லமுத்து வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். சேலையைத் துவைக்காமலே அனுப்பு.

உன்
ஆண்டியப்பன்