எட்டாம் மாதத்தில் பார்த்த விண்கலப் படம்

அன்பு மகன் மருதுபாண்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும், இங்கே எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. போனில் நீ பேசி முடித்ததும் வைத்துவிட்டாய், நான் பேச இடம் தரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஜரீனா வந்து, அழுகுறதுன்னா எப்ப வேணும்னாலும் அழுகலாம், இன்னைக்குச் சிரிக்கப் போவோம் வாங்கக்கா என்று காரைக்குடிக்கு மேட்னி ஷோவுக்கு இழுத்துப்போனாள். ஓட்டை விண்கலம் ஒன்று, அதை ஓட்டத் தெரியாத நாலு பேர், தும்மினால் கலத்தை வேறு கிரகத்துக்குத் திருப்பிவிடும் ஒரு இயந்திர மனிதன், அவ்வளவுதான் கதை. அது மூன்றாவது தடவை தும்மியபோது கண்ணில் நீர் வரச் சிரித்தேன். உன் அப்பா படுக்கையில் கிடந்த மூன்று வருஷத்திலும், அவர் போன பிறகும் நான் அப்படிச் சிரித்ததில்லை.

வெளியே வரும்போது உன் அன்னக்கிளி அத்தை பார்த்துவிட்டாள். எங்கண்ணன் போயி எட்டு மாசம் ஆகலை, பல்லைக் காட்டிக்கிட்டு வாரீகளே மதினி என்று ரோட்டிலேயே கேட்டாள். உங்கண்ணனுக்கு ஒரு நாளாவது நீங்க வந்து துணி மாத்துனீகளா என்று கேட்டேன், வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். போய் உனக்குப் போன் போட்டிருக்கிறாள்.

நீயும் ஊர் என்ன சொல்லும் என்றாய். அதோடு விட்டாயா, அறிவியல் தெரியாதவன் எடுத்த குப்பை, அதைப் போய்ப் பார்த்தீகளாக்கும் என்றாய். எடுத்தவன் அதை மறைக்கவே இல்லையப்பா. சும்மா விளையாடுகிறேன், வந்து உட்காருங்கள் என்றான், உட்கார்ந்தேன். சொன்னபடி இரண்டு மணி நேரம் சிரிக்க வைத்து அனுப்பினான். வருகிறேன் வருகிறேன் என்று நீயும்தான் மூன்று வருஷமாகச் சொன்னாய். பதினாறாம் நாள் காரியத்தைக்கூடப் போனில்தான் பார்த்தாய். லீவு இல்லை என்றாய், ஊர் கேட்டபோது நானும் அதையே சொல்லி உன்னைக் காப்பாற்றினேன். நான் சிரித்ததற்கு மட்டும் உனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

மனது கசந்துதான் எழுதுகிறேன், ஆனாலும் பெற்ற வயிறு உன்னைச் சபிக்காது. கோவிலூர் சாமி உங்கள் இருவரையும் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. வருஷத் திவசம் ஆவணியில் வருகிறது. வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வா, நான் ஜரீனாவோடு படத்துக்குப் போய் வீட்டில் இல்லாமல் இருந்தாலும் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சோலையம்மாள்
சாக்கோட்டை