மூன்று வாரம் பொறுங்கள்

என்னங்க,

வெள்ளிக்கிழமை வந்து மகளை உங்களோடு அழைத்துப்போவதாக எழுதியிருந்தீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன், மூன்று வாரம் பொறுங்கள்.

பள்ளியில் அவளை இன்னும் மூன்று பிள்ளைகளோடு சேர்த்து, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டாலே தலைகுனிபவள், அங்கும் முதல் வாரம் வாய் திறக்காமல் பாட்டில்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நேற்று அவர்களில் ஒருத்தி இரண்டு பாட்டில்களின் முடிவுகளைத் தவறுதலாக ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவிட்டாள். கூடத்து அதிகாரி அதில் கையெழுத்துப் போடப் போகும்போது இவள் எழுந்து, "சார், போடாதீங்க. தப்பாயிடுச்சு. நாங்க நாலு பேரும் திரும்பப் பண்ணித் தர்றோம்" என்றாளாம்.

என்னிடம் இதை இரண்டு முறை சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பயிற்சி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இப்போது அங்கிருந்து பிரித்தால் பழையபடி வாயை மூடிக்கொள்வாள். "அப்பாகிட்ட நானே பேசறேன்மா" என்கிறாள். உங்கள் முன்னால் நான் ஒருநாளும் பேசி முடித்ததில்லை. அவளையாவது முடிக்க விடுங்கள்.

அவள் அம்மா