சங்கு கேட்டது, சங்கென்று தெரியவில்லை

என் அருமை மச்சான் ராமலிங்கத்துக்கு,

எழுத உட்கார்ந்ததுமே உன் தங்கை அஞ்சலை எட்டிப் பார்த்துச் சண்டைக்கு வந்துவிட்டாள். "செத்துப்போன மனுசனையாச்சும் 'நீங்க'ன்னு எழுதக் கூடாதா? புள்ளைங்க படிச்சா என்ன நெனைக்கும்?" என்கிறாள். குரும்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பரீட்சையில் என்னோடு ஃபெயிலானவனை எப்படி 'நீங்கள்' என்று எழுதுவது? நீ பெண் கொடுத்தபோதே மாறாதவன், நீ செத்த பிறகா மாறப்போகிறேன்?

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இங்கே பெரிய சேதி ஒன்றுமில்லை. எனக்குத் தலையில் மிச்சமிருந்த முடியும் விடைபெற்றுக்கொண்டது. வாரப் பத்திரிகைகளுக்கு நான் அனுப்பும் துணுக்குகளில் பத்துக்கு ஒன்பது திரும்பி வருகின்றன; பத்தாவது தபாலில் தொலைந்துபோகிறது. இந்தக் கடிதத்தை மட்டும் எந்தப் பத்திரிகையாவது போட்டே ஆக வேண்டும். இதில் நான் கோமாளியாக வந்தாலும் பரவாயில்லை, நீ யாரென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

படிப்பவர்களுக்காக ஒன்றிரண்டு வரி சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நீ மேட். பாறையில் குழி போட்டு, மருந்து வைத்து, ஆட்களை ஒதுக்கி, சங்கு ஊதி, வெடி வெடித்துக் கல் சரிந்து அடங்கும் வரைக்கும் அத்தனை பேர் உயிருக்கும் நீதான் பொறுப்பு. ராத்திரி பெண்டாட்டி கையால் சாப்பிடுவதும் சாப்பிடாமலே போய்ச் சேருவதும் அந்தச் சங்கைப் பொறுத்தது என்று நீயே சொல்வாய். நான் அதே சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதுவதைவிட, யார் ஏன் வரவில்லை என்ற வம்பைச் சேகரிப்பதில் கெட்டிக்காரன்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம், ஒரு பங்குனியில் உன்னைப் பக்கவாதம் அடித்தது. இடது கை இரண்டு மாதம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிறகு நீ எழுந்தாய், நடந்தாய், முன்பு போலவே என்னைத் திட்டினாய். திட்டு சுத்தமாக வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் தேங்காய் உடைத்தோம்.

சரியாகவில்லை என்று முதலில் தெரிந்தது குரும்பலூரில், உன் பெரியப்பா பேத்தி கல்யாணத்தில்தான். மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார். கெட்டிமேளம் கொட்டுகிறது. பந்தல் முழுக்க அட்சதை பறக்கிறது. நீ கையில் அட்சதையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "என்னடா மாப்ளே இது, சமையக்கட்டுல அண்டாவைப் போட்டு உருட்டுறானுங்க?" என்றாய். தவில்காரர் உன்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னொரு பக்கவாதம் வந்திருக்க வேண்டும்.

எனக்குப் புரிந்துவிட்டது: மச்சானுக்குக் காது போய்விட்டது. அன்றிலிருந்து கத்த ஆரம்பித்தேன். அரியலூரில் நம் வீடுகள் அடுத்தடுத்து. நான் உன்னைக் காப்பி சாப்பிடக் கூப்பிட்டால் தெருக்கோடியில் நாய் எழுந்து நின்றது. எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் அஞ்சலையைத் தனியே அழைத்து, "என்னதான் இருந்தாலும் கூடப்பொறந்தவரு, ஒடம்பு சரியில்லாதவரு. ஒங்க வூட்டுக்காரரு இப்படியா தெனமும் சண்டை போடுவாரு?" என்று பஞ்சாயத்துப் பேசினார்.

"ஏன்டா கத்துற? நான் என்ன செவிடா?" என்று நீயும் கேட்டாய். எந்தச் செவிடன் ஒத்துக்கொள்வான் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினேன்.

ஆனால் ஒன்று இடித்தது. நான் அஞ்சலையிடம் முணுமுணுப்பாக உன்னைப் பற்றிச் சொன்ன வம்பெல்லாம் உனக்குக் கேட்டது. சொல்லுக்குச் சொல் பதிலும் சொன்னாய். தபால்காரர் வாசலில் சைக்கிள் மணியை அடித்து அடித்து ஓய்ந்தபோது மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தாய். அவர் "மேட் சார், தபாலு!" என்று வாய்விட்டுச் சொன்னதும் எழுந்து போனாய். என்ன செவிடு இது, ஆள் பார்த்து வேலை செய்கிறதே என்று நினைத்தேன்.

நீ வேலைக்குத் திரும்பியதும், "முதல் வாரம் சும்மா சுத்திப் பார்த்துக்கிட்டு இருங்க, பொறுப்பை அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார் மேனேஜர். நல்லவேளை. மூன்றாம் நாள் மதியம் வெடிக்கு முதல் சங்கு ஊதியது. எல்லோரும் ஒதுங்கினார்கள். இரண்டாவது சங்கு. நீ பாறை விளிம்பில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய். குழி போடும் காசிநாதன்தான் கவனித்துவிட்டு ஓடிவந்து, உன் இடுப்பைப் பிடித்துத் தரதரவென்று, நான் ஒதுங்கியிருந்த கொட்டகைக்குள் இழுத்துப் போட்டான். வெடி வெடித்தது; நீ நின்ற இடத்தில் சோற்றுப்பானை அளவுக்கு ஒரு கல் வந்து விழுந்தது.

"ஏன்டா இழுக்குற?" என்றாய்.

"சங்கு ஊதுச்சே மேட்டு! கேக்கலியா?"

"ஏதோ சத்தம் வந்துச்சு. லாரி போவுதுன்னு நெனச்சேன்."

அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். கல்லைப் பார்த்துப் பயந்த முகமில்லை அது. இருபது வருஷம் நீயே ஊதச் சொன்ன சங்கு. அது உனக்கு யாரோபோல ஆகிவிட்டதே என்ற முகம். அதை நான் ஒரு நாளும் துணுக்காக எழுதியதில்லை.

காது டாக்டரிடம் சீட்டு வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்கள். திருச்சிக்கு நான்தான் கூட வந்தேன். காது டாக்டர் இரண்டு காதையும் சோதித்துவிட்டு, செவித்திறனில் குறைவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அங்கேயே குதித்தேன். அவர்தான், நாம் சொன்ன கதையெல்லாம் கேட்டுவிட்டு, "எதுக்கும் நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்கார், பார்த்துட்டுப் போயிடுங்க" என்றார்.

அந்த நரம்பு டாக்டர் உன்னைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சத்தம் எழுப்பினார். சாவிக்கொத்தைக் குலுக்கினார்.

"என்ன கேக்குது?"

"சத்தம் வருதுங்க."

"என்ன சத்தம்?"

"சாவிக்கொத்துங்க!" இது நான்.

"பரீட்சை உங்களுக்கு இல்லை, கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார் டாக்டர். தீப்பெட்டியை உரசினார், தம்ளரில் ஸ்பூனைத் தட்டினார், காகிதத்தைக் கிழித்தார். எல்லாவற்றுக்கும் நீ ஒரே பதிலைச் சொன்னாய்: "தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு உலுக்குற மாதிரி இருக்குங்க." அதே சாவிக்கொத்தைக் கண்ணெதிரே காட்டியதும், "சாவிங்க. இதுகூடத் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டாய்.

பிராணிகளின் சத்தமும் வேண்டும் என்று டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே மேடை. நாய், பூனை, சேவல் என்று வெளுத்துக்கட்டினேன். வெளியே காத்திருந்த நோயாளிகள் கதவைத் திறந்து பார்த்தார்கள். டாக்டர், "இப்ப என்ன சத்தம்?" என்று உன்னைக் கேட்டார். நீ வருத்தத்தோடு, "யாருக்கோ ரொம்ப முடியலை போலிருக்குங்க, இருமுறாங்க" என்றாய். டாக்டரே சிரித்துவிட்டார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். "இவருக்குக் காது நல்லா இருக்கு. சத்தம் உள்ளே போயிடுது. போனது என்ன சத்தம்னு அடையாளம் சொல்ற இடம் மூளையில இருக்கு. பக்கவாதம் வந்தப்ப அந்த இடத்துல அடி பட்டிருக்கு. பேச்சைப் புரிஞ்சுக்கிற இடம் வேற பக்கம், அது தப்பிச்சிருச்சு. அதனால நீங்க பேசினா புரியும், மணியடிச்சா புரியாது. பாட்டுல வார்த்தை தெரியும், மெட்டு தெரியாது. இவர் நடிக்கலை." என்னைத் திரும்பிப் பார்த்தார். "கத்தியும் பிரயோசனமில்லை."

குணமாகுமா என்று கேட்டோம். கொஞ்சம் தானாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், கண்ணால் பார்த்துப் பழக வேண்டும் என்றார். அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேரும் சொன்னார். அதில் பாதியைப் பஸ் ஏறுவதற்குள் மறந்துவிட்டேன். மீதிப் பாதியை வைத்துக்கொண்டே அரியலூர் டீக்கடையில் இரண்டு மாதம் அரை டாக்டராக வலம் வந்தேன் என்பது உனக்குத் தெரியும்.

அஞ்சலை குரும்பலூரில் காத்திருந்தாள் என்று நாம் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினோம். பாடாலூர் தாண்டும்போது நான் உன் காதோரம் சொன்னதை இன்று ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

"மச்சான், கையில இருக்கறது காது நல்லா இருக்குங்கற சீட்டு. நரம்பு டாக்டர் சொன்னது ஒனக்கும் எனக்கும்தான் தெரியும். சீட்டைக் கொடுத்துட்டு மேட் வேலையை வாங்கிக்க. சங்கு ஊதுனா பக்கத்துல இருக்கறவன் ஓடுவான்ல, அவனைப் பார்த்து ஓடிக்க. எவனுக்குத் தெரியப் போவுது?"

நீ சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். உன் அப்பா கடைசி வரை அடுத்தவர் வயலில் குனிந்தே இருந்தவர். நீ கல்லுடைக்கும் கூலியாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, இரண்டாம் தடவையில் தேறி மேட் ஆனவன். உங்கள் வம்சத்தில் பேருக்குப் பின்னால் ஒரு பதவி ஒட்டிக்கொண்டது உனக்குத்தான். அது போய்விடக் கூடாதே என்றுதான் சொன்னேன் மச்சான். என் மேல் கோபமா அன்றைக்கு? கேட்காமலே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஷிப்டு. ஆட்கள் டைம் ஆபீஸ் முன்னால் கூடியிருந்தார்கள். நீ சீட்டை மேனேஜரிடம் கொடுத்தாய். அவர் படித்துப் பார்த்து, "அப்புறம் என்ன, காது பிரமாதம்! இன்னிக்கே பொறுப்பை எடுத்துக்குங்க" என்றார். நான் சன்னலுக்குள்ளிருந்து உனக்குக் கண்ணைக் காட்டினேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, ஆட்கள் பக்கம் திரும்பினாய்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்குச் சங்கு கேக்குது. ஆனா அது சங்குன்னு தெரியாது. லாரியும் ஒண்ணுதான், சங்கும் ஒண்ணுதான். ஒங்க உசுரை என்னை நம்பி விடாதீங்க."

பின்வரிசையில் ஒருவன், "பொண்டாட்டி கூப்புட்டா கேக்காத வியாதி எங்களுக்கும்தான் மேட்டு இருக்குது" என்றான். கூட்டம் சிரித்தது.

"அதான்டா கொடுமை. அவ பேசுறது மட்டும் ஒண்ணுவிடாம புரியுது" என்றாய்.

சிரிப்பு அடங்கியதும் நீ அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, "காசி, எதையாச்சும் செய்" என்றாய். காசிநாதன் விசிலை ஊதினான். "தெரியலை" என்றாய். சுத்தியலால் தண்டவாளத் துண்டில் அடித்தான். "தெரியலை." அவன் மூன்றாவதாக ஒன்றும் செய்யவில்லை. ஏனென்று நீ திரும்பிப் பார்த்தாய். அவன் அழுதுகொண்டிருந்தான். நீ பார்த்த பிறகுதான் அது அழுகை என்று உனக்குத் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன்தான் சொன்னான்: "மேட்டு, குழி போடுற கம்ப்ரசர் ஓடுறப்ப எங்களுக்கும் சங்கு சரியாக் கேக்கறதில்ல. சொன்னா கேலி பண்ணுவாங்கன்னு இருந்துட்டோம்." அதைக் கேட்டு மேனேஜர் முகம் வெளுத்தது. அந்த வாரமே சங்கோடு கூட, எல்லோர் கண்ணிலும் படும்படி உயரமான மண்மேட்டின் மேல் சிவப்புக் கொடியும் ஏறியது. கொடி இறங்கும் வரை ஒருவரும் அசையக் கூடாது என்று எழுதிப் போட்டார்கள். மேட் வேலை போனது. நீ கிடங்கில் உளி, சம்மட்டி எடுத்துக்கொடுக்கும் ஆளானாய். ஆனால் வேடிக்கையைக் கேள், கடைசி வரைக்கும் உன்னை ஒருவரும் வேறு பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. புதிதாக வந்தவரை 'புது மேட்' என்றார்கள், உன்னைத்தான் 'மேட்' என்றார்கள்.

டீக்கடையில் சில பேர் செய்வினை என்றார்கள், சில பேர் நடிப்பு என்றார்கள். தெருவோ உனக்காகப் பழக்கத்தையே மாற்றிக்கொண்டது. கதவைத் தட்டுவதற்குப் பதில் பேரைச் சொன்னார்கள். உனக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் வாயாலேயே, "மணி அடிக்கிறேன், மணி அடிக்கிறேன்!" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். வெளியூர்க்காரன் எவனாவது பார்த்தால் ஒரு தெருவுக்கே கோளாறு என்று நினைத்திருப்பான்.

போன வாரம் நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிற தங்கராசு டைம் ஆபீஸ் சன்னலில் வந்து நின்றான். நீ போன பிறகு சேர்ந்தவன், உன்னைப் பார்த்ததே இல்லை.

"சார், வெயில் தாழ்ந்தா எனக்குக் கண்ணு மங்குது. பாதை ஓரம் தெரியலை. ஆள் மேல ஏத்திடுவனோன்னு பயமா இருக்கு. எழுதிக்கங்க."

பாடாலூர் பஸ்ஸில் உன்னிடம் சொன்ன அதே புத்தி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது மச்சான். நான் திருந்தாத ஜென்மம். அதற்குள் அவனே, "வூட்டுல சொல்லாதேங்குறாங்க. ஆனா இங்க ஒரு மேட்டு இருந்தாராமே, எல்லார் முன்னாடியும் நின்னு தன் கொறையைச் சொன்னவரு. அவரு சொல்லிட்டாரு, எனக்கென்ன சார்?" என்றான்.

உன் முகம்கூடத் தெரியாதவன். நான் பேனாவைத் திறந்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அவனைக் கண் டாக்டரிடம் அனுப்பி, அதுவரை பகல் ஷிப்டில் மட்டும் போடச் சொல்லி மேனேஜரிடம் நானே போய் நின்றேன். உன் கதையையும் அவரிடம் எடுத்துச் சொல்லி, அவன் என் மச்சான் என்று பெருமையடித்துக்கொண்டேன். அவன் என்றால் தங்கராசு இல்லை, நீ.

இனி அந்தச் சன்னலில் யார் வந்து தன் குறையைச் சொன்னாலும், 'சொல்லாதே' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. வம்பை விடுவேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே. முதலில் சொன்னதை நிச்சயம் காப்பாற்றுவேன்.

உன் தங்கையைக் கட்டிக்கொண்டவன் என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்தும்,
உன் மாப்பிள்ளை