சம்மந்தியின் சுங்கப்பெட்டி

மெண்டோசா,
6 பிப்ரவரி 2017

என் கண்ணான மருமகள் செலினாவுக்கு,

உன் மாப்பிள்ளை வீட்டு விருந்து முடிந்து, உன் மாமன் அன்செல்மோ கை கால் முழுசாக ஊர் வந்து சேர்ந்தேன். செல்பேசியில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதி, சாண்டியாகோ பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல விஷயம். தாய் தகப்பன் இல்லாத உன்னை மாதா கோயிலில் கைபிடித்து மாப்பிள்ளையிடம் அழைத்துப்போக என்னைக் கேட்டாயே, அதற்குச் சம்மதம். சூட் தைக்கக் கொடுத்துவிட்டேன். இப்படி ஒரு துணியை வெட்ட மனசு வரவில்லை என்று தையல்காரன் அழுதே விட்டான்.

மற்றபடி, நீ வாழப்போன சிலியைப் பற்றி என்ன சொல்ல. எல்லை மலையைத் தாண்டி இறங்கியதும் ஒரு சுங்கச்சாவடி. நம் நாட்டு நோட்டை நீட்டினேன்.

"இது இங்க செல்லாதுங்க" என்றாள் உள்ளே இருந்த பெண்.

"ஏம்மா, உங்க நாடு மாதிரி ஒல்லியா நீளமா இருந்தாத்தான் செல்லுமோ?" என்றேன்.

பின்னால் நாற்பது லாரி ஹாரன் அடித்தது. கடைசியில் ஒரு லாரிக்காரன் இறங்கி வந்து எனக்கும் சேர்த்துக் கட்டினான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

நகரத்துக்குள் இன்னும் கேவலம். சாவடியே இல்லை. சாலைக்கு மேலே இரும்பு வளைவு, அதில் விளக்கும் கேமராவும். காசு வாங்க ஓர் ஆள் கிடையாது. "சம்மந்தி, வெளியூர் வண்டின்னா தினச் சீட்டு வாங்கணும்" என்று மாப்பிள்ளையின் அப்பா ஹெரார்டோ முனகினார். "வாட்ச்மேன் இல்லாத வாசலுக்கு எவனாவது டிக்கெட் வாங்குவானா?" என்றேன்.

ஆனால் அவருடைய ரொட்டி வேனில் போனபோது கவனித்துவிட்டேன். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டி ஒவ்வொரு வளைவுக்குக் கீழும் கீச்சென்றது. வளைவு கம்மென்று வழிவிட்டது. விருந்தாளியைச் சீட்டு வாங்கச் சொல்லிவிட்டு இவர்கள் மட்டும் இலவச அனுமதி வைத்திருக்கிறார்கள். கஞ்சப் பயல்கள். கிளம்பிய காலையில் அதைப் பெயர்த்து எடுத்துவந்துவிட்டேன். கேட்காமல் எடுக்கவில்லை. கேட்டேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், மறுப்புச் சொல்லவில்லை.

உன் மாமன்,
அன்செல்மோ


சாண்டியாகோ,
15 பிப்ரவரி 2017

அன்புள்ள மாமாவுக்கு,

சூட் தைக்கக் கொடுத்ததைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்று என் பக்கம் நிற்க உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

ஆனால் பெட்டியை உடனே திருப்பி அனுப்புங்கள். அது இலவசம் இல்லை மாமா. ஒவ்வொரு கீச்சுக்கும் ஹெரார்டோ கணக்கில் கட்டணம் ஏறும். பெட்டி இல்லாமல் வளைவைக் கடந்தால் அவருக்கு அபராதம். இப்போது சந்து சந்தாகச் சுற்றித்தான் கடைகளுக்கு ரொட்டி போடுகிறார். ஆறிப்போன ரொட்டி வேண்டாம் என்று இரண்டு கடைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எங்கோ கழன்று விழுந்துவிட்டது என்று நினைக்கிறார். உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே போட்டுவிடுங்கள், என் ராஜா மாமா.

உங்கள்,
செலினா


மெண்டோசா,
2 மார்ச் 2017

அருமை மருமகளுக்கு,

பெட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. பின் யார் கணக்கில் எதை எழுதும்? புகுவதற்கு முன்பே அந்த வீடு உன்னை முட்டாளாக்கிவிட்டது.

பெட்டி இப்போது இங்கே பெரிய ஆள். நம் தெருவில் பாதிப் பேர் மலை தாண்டிச் சாமான் வாங்கப் போகிறார்கள் அல்லவா, எல்லோரும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள். சலூன் பெலிசாரியோ கொண்டுபோய் நாலு டிவி வாங்கிவந்தான். கறிக்கடை எலிசியோ நாலு டயர் வாங்கிவந்தான். "அன்செல்மோ, உன் பெட்டி போட்ட சத்தத்துல அந்த வளைவே எனக்கு சல்யூட் அடிச்சிச்சுப்பா" என்று கட்டிக்கொண்டான். நன்றிக்கு ஒரு முழு ஆட்டைச் சுட்டான். தெருவே திரண்டது. மேயர் வரவில்லை, ஆனால் வரத் துடித்தார் என்று கேள்வி.

ரொட்டி ஆறிவிட்டது என்று ஒரு ஆம்பிளை அழுவானா? சூடு வேண்டுமென்றால் அடுப்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு போகட்டும்.

மாமன்,
அன்செல்மோ


சாண்டியாகோ,
14 மார்ச் 2017

மாமாவுக்கு,

கட்டண ரசீது வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் ஹெரார்டோ பிரித்தார். வேன் வாசலில் நின்ற நாட்களிலெல்லாம் அவருடைய பெட்டி நகரத்தைச் சுற்றியிருக்கிறது. நான் சொல்லிவிட்டேன்.

அவர் ரசீதை மடித்துத் தட்டுக்கடியில் வைத்தார். அப்புறம், "நான் போட்ட சாப்பாடு உங்க மாமாவுக்குப் பத்தல போலம்மா. கண்ணாடியோட கழட்டிட்டுப் போயிருக்கலாமே, பெயர்க்குற வேலை மிச்சம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "உங்க ஊர்ல விருந்துன்னா இப்படித்தானா?" என்று ஃபெர்மின் கேட்டான். நான் கட்டிக்கொள்ளப்போகிறவன் என்னிடம் முதல் முறையாக அந்தக் குரலில் பேசினான்.

வேனுக்கு டயர் மாற்ற எடுத்துவைத்திருந்த பணத்தை ஹெரார்டோ கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார். உங்கள் எலிசியோவின் வண்டியில் புது டயர் ஓடுகிறது.

அந்தப் பணத்தை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. பெட்டியோடு, "மன்னியுங்கள்" என்று அவருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு வரி. அது வராவிட்டால் கோயிலில் உங்கள் கை எனக்கு வேண்டாம்.

செலினா


மெண்டோசா,
30 மார்ச் 2017

மருமகளுக்கு,

இதோ உன் பெட்டி. பேட்டரி தீர்ந்ததோ என்னவோ, இப்போது கத்துவதில்லை. அந்த நாட்டுச் சாமான் அவ்வளவுதான் தாங்கும்.

மன்னிப்பு என்றாயே. மலைக்கு அந்தப் பக்கத்து ரொட்டிக்காரனிடம் நானா? மூன்று ஜில்லாவில் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றாதவன் கிடையாது. என் கை வேண்டாம் என்றால் வேறு எந்தக் கையைப் பிடிப்பாய், சொல்லு? உனக்கு யார் இருக்கிறார்கள்? கல்யாணத்துக்கு முன் நீயே கூப்பிடுவாய் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. சூட் வந்துவிட்டது. போட்டுக்கொண்டு நின்றால் மந்திரி மாதிரி இருக்கிறேன். காத்திருக்கிறேன்.

அன்செல்மோ


சாண்டியாகோ,
24 ஏப்ரல் 2017

மாமா,

பெட்டி வந்தது. வரி வரவில்லை.

சனிக்கிழமை கல்யாணம் முடிந்தது. கோயில் வாசலில் ஹெரார்டோ கையை நீட்டினார். "வாம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம்ப்பா. நீங்க முன்னாடி போய் உக்காருங்க" என்றேன்.

உங்களுக்குப் பதில் ஒருவரை நிறுத்தினால், உங்களுக்கென்று அங்கே ஓர் இடம் இருந்ததாக ஆகிவிடும். அதனால் தனியாகவே நடந்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்களே, நடக்கும்போது அந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

கோயில் சின்னதுதான். சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

செலினா