பளைக்கு அனுப்பிய பக்கங்கள்

காலையில் கடைக்குப் புதுப் பிரிண்டர் ஒன்று வந்தது. வயரே இல்லாத சாமான். பெட்டியை உடைத்ததும் மையும் பிளாஸ்ரிக்கும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியது. சுவிச்சைப் போட்டேன். அதன் சின்னக் கண்ணாடியில் ஒரு கேள்வி வந்து நின்றது: பெயர் என்ன?

மத்தியானமும் தாண்டிவிட்டது. நான் இன்னும் பதில் அடிக்கவில்லை. கதிரையில் இருக்கிறேன், எழும்புகிறேன், றோட்டுவரை போகிறேன், திரும்பி வருகிறேன். கடிதம் ஒன்று அச்சடிக்க வந்து காத்திருக்கிற பொடியன், "என்ன மாமா, மூலமோ? இருக்கேலாமல் திரியிறியள்?" என்று கேட்டும் விட்டான். கிளிநொச்சியில் என்னிடம் இப்படிக் கேட்க ஒருத்தருக்கும் துணிவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

பிரிண்டருக்குப் பெயர் வைப்பதென்றால் உம்மைக் கேட்காமல் எனக்கு ஏலாது. அதுதான் எழுதுகிறேன்.

அந்த வவுனியா அலுவலகத்தை நினைத்துப் பாரும். இடம்பெயர்ந்த சனத்துக்கு நிவாரணம் கொடுக்கிற இடம். நீர் கொம்பியூட்டர்காரன். நான் சாரதி, ஜெனரேட்டருக்குப் பொறுப்பு, சுருக்கமாகச் சொன்னால் அந்த அலுவலகமே என் தோளில்தான் நின்றது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், கொழும்பிலிருந்து வருகிற எஞ்சினியர்மார் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். "வாகனத்தைப் பற்றி" என்று நீர் இடையில் சொருகுவீர். சரி, வாகனத்தைப் பற்றித்தான்.

இருபது கொம்பியூட்டர் இருந்தது அங்கே.

"ஆறு, அண்ணை."

ஓம், ஆறு. அலுவலகத்தில் எல்லாருக்கும் நான் மாமா. உமக்கு மட்டும் அண்ணை. நான் எதைச் சொன்னாலும் பின்னால் உம்முடைய குரல் வந்து கணக்கைக் குறைக்கும். கோபம் இல்லாமல், சிரிப்பும் இல்லாமல், கடைக்காரன் தராசில் இருந்து ஒரு பிடி அரிசியை எடுக்கிற மாதிரி.

அந்த ஆறு கொம்பியூட்டருக்கும் நீர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நிவாரணப் பதிவு செய்கிற புரோகிராமில் ஒரு சின்ன மாற்றம் வந்தால், பிளாப்பித் தட்டுகளைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு மேசை மேசையாகப் போவீர். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போடவேண்டும். போட மறந்த கொம்பியூட்டரில் கடிதத்தைத் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் குழம்பிக் கிடக்கும். பிரிண்டர் மாறினால் திரும்பவும் ஆறு மேசை. ஒருநாள் நீர் பிளாப்பிகளை மேசையில் எறிந்துவிட்டுச் சொன்னீர்:

"அண்ணை, நான் ஏன் நடக்கவேணும்? அது நடந்து வரட்டும்."

அதற்குப் பிறகுதான் மூலையில் இருந்த பெரிய கொம்பியூட்டரில் அந்தக் கட்டளைகளை எழுதினீர். காலையில் ஆர் வந்து தன்னுடைய பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தாலும், திரையில் கறுப்புக் கட்டம் ஒன்று திறந்து நாலைந்து வரி ஓடும். புதுப் புரோகிராமும், தமிழ் எழுத்தும், பிரிண்டர்களும் தாங்களாகவே வந்து சேரும். முதல்நாள் அது ஓடியபோது, கணக்குப் பகுதி அக்கா, அதுதான் மாங்குளத்து அக்கா, "உது என்ன செய்வினையோ?" என்று கதிரையைப் பின்னால் தள்ளினா.

பிரிண்டர் மூன்று. அவற்றுக்கு நீர் வைத்த பெயர்கள் எழுத்தும் இலக்கமுமாக வாகன நம்பர் மாதிரி இருந்தன. ஒருத்தருக்கும் நினைவில் நிற்கவில்லை. அக்கா அனுப்பிய கணக்கு என்னுடைய களஞ்சிய அறையில் வந்து விழும், என்னுடைய டீசல் கணக்கு அவவின் மேசையில் போய் விழும். அப்போதுதான் அந்தப் பெரிய யோசனையை நான் சொன்னேன். இதில் நீர் ஒன்றும் குறைக்க ஏலாது, இது முழுக்க என்னுடையது. அக்காவின் அறைப் பிரிண்டருக்கு மாங்குளம். களஞ்சியத்தில் இருப்பதற்கு வட்டக்கச்சி, அது என்னுடைய ஊர். உம்முடைய அறையில் இருப்பதற்குப் பளை, அது உம்முடைய ஊர்.

"வடக்குக்குப் போற பாதை பூட்டிக் கிடக்கு. நாங்கள்தான் போகேலாது, கடதாசியாவது போகட்டும்" என்றேன்.

அடுத்தநாள் பெயர்கள் மாறியிருந்தன. என்னுடைய மேசையில் வந்து இருந்து ஒரு பக்கத்தைப் பளைக்கு அனுப்பினீர். பிறகு எழும்பி உம்முடைய அறைக்குப் போய், கிர்ர் கிர்ர் என்று அது அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றீர். "பளைக்கு வந்திட்டன், அண்ணை" என்று அங்கிருந்து சத்தம் போட்டீர். வெறும் பக்கம்தான் அது.

ஆனால் உம்முடைய கட்டளை சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. கரண்ட் போய் நான் ஜெனரேட்டரைப் போட்ட நாட்களில்தான் கூடுதலாகக் குழப்பம். பளைக்குப் போகவேண்டியது வட்டக்கச்சிக்கு வரும், அல்லது ஒரு பிரிண்டரும் வராது. கொழும்பில் இருக்கிற உம்முடைய கூட்டாளியைக் கேட்கவேண்டும் என்றீர். அலுவலக ரெலிபோன் செத்துக் கிடந்தது. காசு கொடுத்து ரெலிபோன் கதைக்கிற கடைத்தெருக் கொமினிக்கேஷனுக்கு உம்மைக் கொண்டுபோனேன். நான் வாகனத்தில் இருந்தேன். லைன் சரியில்லை. நீர் கத்தினது எனக்கே கேட்டது.

"ஓம், ஓம்! பளை விழுந்திட்டுது! மாங்குளத்துக்கு அனுப்பினது எல்லாம் வட்டக்கச்சியில போய் விழுது! விடிய எல்லாருக்கும் ஒரே நேரத்தில போடவேணும், அதுக்குத்தான் கேக்கிறன்!"

வடக்கில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கொமினிக்கேஷனில் வரிசையில் நின்ற சனம் ஒவ்வொன்றாக வெளியே நழுவியது. நீர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் காணவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் இரண்டு ஆமிக்காரர் நின்றார்கள்.

அந்தக் காலத்தில் அப்படிப் பிடிபட்டுப் போன ஆட்கள் எப்போது வருவார்கள், வருவார்களா என்று ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. பணிப்பாளர் கொழும்பில். நான் உம்மை ஏற்றிய வாகனத்துக்குப் பின்னாலேயே என்னுடைய வாகனத்தை விட்டேன். காவலரண் வாசலில் பதினைந்து துப்பாக்கி என்னைப் பார்த்து நீண்டது.

ஒன்று. ஒன்றுதான். நீர் உள்ளே வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தீர், உமக்கு எழுதும்போது அளக்க முடியாது.

அதிகாரி ஒரு நடுத்தர வயது மனுஷன். தமிழை உடைத்து உடைத்துக் கேட்டார்: "பளைக்கி என்ன அனுப்புறது? விடிய என்ன போடுறது?"

"கணக்கு, மாத்தையா! கடதாசி! பளை எங்கட ஒபிசுக்குள்ள இருக்கு!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்திருப்பார். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். அதைக் கேட்க மாட்டாமல்தான் அவர் எழும்பி வந்தார் என்று நீர் பிறகு சொன்னீர். "காட்டு. இல்லை எண்டால் ரெண்டு பேரும் வா" என்றார்.

அலுவலகத்துக்கு வந்தால், கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை இழுத்து விட்டேன். அதிகாரி உம்மை வாசலில் நிறுத்தினார், ஒரு சிப்பாயின் கை உம்முடைய தோளில். "நீ தொடாதே. இந்த ஆள் போடட்டும்" என்று என்னைக் காட்டினார். ஒன்றுக்குமே பொறுக்கமாட்டாத என்னை. சோறு வேகும்வரை இருக்கமாட்டாமல் பாதி அரிசியைத் தின்கிறவன் என்று நீர் பட்டம் தெளித்த என்னை. கொம்பியூட்டர் எழும்பிப் பெயர் கேட்டது. நான் விரலைத் தூக்கிவிட்டேன்.

"அண்ணை, முதல்ல ஐயாவுக்குத் தேத்தண்ணி."

விரல் அப்படியே நின்றது. நீர் தேத்தண்ணியே குடியாத ஆள். பணிப்பாளரின் விருந்தாளிகளுக்குக்கூட அப்படிச் சொல்லாத ஆள். முகத்தைப் பார்த்தேன். நீர் என்னைப் பார்க்கவில்லை, மூலையில் வயர்கள் எல்லாம் வந்து சேருகிற சின்னப் பெட்டியைப் பார்த்தீர். அதில் விளக்குகள் இன்னும் மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சரி, பாதி விளங்கியது. பெரிய கொம்பியூட்டர் இன்னும் நித்திரையால் எழும்பவில்லை, இப்போது நான் அடித்தால் கட்டளை போய்க் கதவைத் தட்டி, ஆளில்லை என்று திரும்பிவிடும். பளையும் இல்லை, மாங்குளமும் இல்லை. அதற்குப் பிறகு நீரும் இல்லை.

"அக்கா, தேத்தண்ணி!" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

மாங்குளத்து அக்கா குசினியில் கேத்திலை வைத்தா. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். நான் கதிரைக்கு அடியில் காலை ஆட்டினேன். எழும்பினேன், இருந்தேன். "ஐயாவுக்குச் சீனி கூடவோ குறையவோ?" என்று கேட்டேன். பிறகு அதையே திரும்பவும் கேட்டேன். அவர் வேண்டாவெறுப்பாக ஒரு மிடறு குடித்தார், அடுத்ததை மெதுவாகக் குடித்தார். பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையில் நின்றன. நீர் கண்ணை மூடித் திறந்தீர்.

அடித்தேன். கறுப்புக் கட்டம் திறந்தது. வரிகள் ஓடின. மாங்குளம். பளை. வட்டக்கச்சி. மூன்றும் ஆங்கில எழுத்தில் வந்து நின்றன.

அதிகாரி குனிந்து ஒவ்வொன்றாக வாசித்தார். என்னை எழும்பச் சொல்லிவிட்டுத் தானே இருந்தார். ஒற்றை விரலால் ஒரு சொல்லை அடித்தார். "இது பளைக்கி" என்றார். நான் அனுப்பினேன். பக்கத்து அறையில் கிர்ர் என்று சத்தம் எழும்பியது. அவர் போய்க் கடதாசியைக் கிழித்துக்கொண்டு வந்து விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாத்தையா எழுதினது?"

"எங்கட கம" என்றார். தன்னுடைய ஊரின் பெயர். அவரும் கனகாலம் போயிருக்கமாட்டார் போல. நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். சிப்பாயைப் பார்த்துத் தலையை அசைக்க, உம்முடைய தோளில் இருந்த கை இறங்கியது.

"பேர் மாத்து. தேத்தண்ணி நல்லம்" என்றுவிட்டுப் போனார்.

அக்கா நிலத்திலேயே இருந்து அழத் தொடங்கினா. நீர் நேராக மூலைக்குப் போனீர்.

"விசரே உமக்கு? வீட்ட போம்!" என்று நான் கத்தினேன்.

"இதைப் போடாமல் போனால் மறந்திடுவன், அண்ணை."

கூட்டாளி கொழும்பில் இருந்து சொன்ன அந்த வரியை அப்போதுதான் எழுதினீர்: பெரிய கொம்பியூட்டர் பதில் சொல்லும்வரை பொறு, பிறகு தொடங்கு. பிழை பிழையாக அடித்து அடித்துத் திருத்தினீர். அதற்குப் பிறகு அது ஒருநாளும் பிழைக்கவில்லை. பெயர்களும் மாறின. மாங்குளம் சீனியானது, வட்டக்கச்சி பால்மா, பளை தேயிலை. ஆருக்கும் பயம் வராத பெயர்கள் என்றீர். நான் ஒருநாள் "சீனி வந்திட்டுது!" என்று கத்தப்போய், வெளியில் நின்ற சனம் நிவாரணம் என்று வரிசையில் நின்றதை மறந்திருக்கமாட்டீர். அன்றைக்குத்தான் நீர் வாய்விட்டுச் சிரித்தீர்.

பங்குனியில் உம்முடைய செத்தவீட்டுக்கு வந்தேன். பந்தலில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். "பதினைந்து துப்பாக்கி" என்றுவிட்டு வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தினேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் நம்பிக்கொண்டு இருந்தார்கள். எனக்கு இருக்கேலாமல் போய்விட்டது. எழும்பி, "ஒண்டு" என்று நானே சொன்னேன். அதிலிருந்து இப்படித்தான். பெரிதாகச் சொல்லிவிட்டு நானே குறைத்துக்கொண்டு திரிகிறேன். உம்முடைய வேலையும் இப்போது என்னுடைய தலையில்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே எழும்பிப்போய் அந்தப் பெயரை அடித்துவிட்டேன். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"மாமா, என்ர கடிதம்? நிமிசத்துக்கு நூறு பக்கம் அடிக்கும் எண்டு சொன்னியள், ஒரு பக்கத்தைக் காணேல்லை!"

"இருபதுதான் அடிக்கும். பொறும். முதல்ல தேத்தண்ணி."

கேத்திலை வைத்து, கொதிக்கும்வரை அதற்குப் பக்கத்திலேயே நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்திருப்பான், பின்னால் எங்கோ சர் என்று ஒரு சத்தம்.

"எங்க மாமா போச்சுது?"

"பளைக்கு" என்றேன்.

அவன் பயப்படவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப்போய் எடுத்துக்கொண்டான்.